சின்னக் குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் பொருளை எளிமையாகச் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் குழந்தை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும்போது என்ன சொல்வது? ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரையும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

அகராதியில் இருக்கும் பொருளைப் படித்துக் காட்டினால் போதாதா?

பெரும்பாலும் போதாது. பெரியவர்களுக்கான அகராதி, அந்தச் சொல்லை ஓரளவு தெரிந்தவர் சந்தேகம் தீர்த்துக்கொள்வதற்காக எழுதப்பட்டது. 1755-இல் லண்டனில் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட பெரிய ஆங்கில அகராதியில் 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்கு, அதாவது வலைப்பின்னலுக்கு, ஏறக்குறைய இப்படி ஒரு விளக்கம் இருக்கிறது: சம தூரங்களில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு, வெட்டும் இடங்களுக்கு நடுவே சந்து விட்டிருக்கும் எப்பொருளும். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் வலையைப் பார்த்தே இராத ஒருவர் இதைப் படித்து வலை எது என்று கண்டுகொள்ள முடியுமா?

குழந்தைகள் இப்படிப்பட்ட விளக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் 1987-இல் எழுதிக் காட்டினார்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அகராதிப் பொருளைக் கொடுத்து, வாக்கியம் எழுதச் சொன்னார்கள். 'ஈரோட்' என்றால் அரித்துப்போவது. ஆற்று நீர் கரையை அரிக்குமே, அது. அகராதியில் 'ஈட் அவுட்' என்று போட்டிருந்தது. ஒரு குழந்தை "அவர் ஃபேமிலி ஈரோட்ஸ் எ லாட்" என்று எழுதியது. அதன் வீட்டில் அடிக்கடி வெளியே போய்ச் சாப்பிடுவார்கள் என்று சொல்ல வந்திருக்கிறது! 'ஸ்டிமுலேட்' என்றால் தூண்டுவது. அகராதியில் 'ஸ்டர் அப்' என்று இருந்தது. 'ஸ்டர்' என்றால் கிளறுவதும்தானே, அதனால் இன்னொரு குழந்தை ஓர் அம்மாளைச் சூப்பை 'ஸ்டிமுலேட்' பண்ண வைத்துவிட்டது.

இதில் குழந்தைமேல் குற்றமே கிடையாது. தெரியாத சொல்லுக்குப் பதிலாகத் தெரிந்த ஒரு சொல்லைக் கொடுத்தோம். அது அதை அப்படியே எடுத்துப் பொருத்திவிட்டது.

அப்படியானால் நல்ல விளக்கம் எப்படி இருக்க வேண்டும்?

முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அதில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் ஏதாவது செய்ய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மில்லரின் கட்டுரை வந்த அதே 1987-இல், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவான 'கோபில்ட்' அகராதி இந்த முறையைத்தான் கையாண்டது. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று போகாமல், "ஒருவர் இப்படிச் செய்தால், அவர் இன்னதைச் செய்கிறார்" என்று வாக்கியமாகவே பொருள் சொன்னது. வகுப்பில் ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்வதும் இப்படித்தானே!

'பிரேவ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'துணிச்சல்' என்று சொன்னால் ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தத் தமிழ்ச் சொல்லே புரியாமல் போகலாம். "பயமா இருந்தாலும் செய்யவேண்டியதைச் செய்கிறவங்க பிரேவ்" என்று சொல்லுங்கள். கையோடு "ஊசி போடும்போது பயந்தே, ஆனாலும் கையை நீட்டினியே, அதுதான்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பயமே இல்லாதவர்தான் 'பிரேவ்' என்று குழந்தை நினைத்துவிடாமல் இருக்க அந்த 'பயமா இருந்தாலும்' அவசியம்.

இன்னும் சில சொற்களுக்கு அப்படியே சொல்லக்கூடிய விளக்கம் தர முடியுமா?

தாராளமாக. நான் சொல்லும் விதத்திலேயே தருகிறேன். உங்கள் ஊர்ப் பேச்சுக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

'பிராமிஸ்': ஒன்றைக் கண்டிப்பாகச் செய்வேன் என்று நீ ஒருவரிடம் சொன்னால், அது பிராமிஸ். அவங்க அதை நம்பிக் காத்திருப்பாங்க.

'ஷேர்': உன்னிடம் இருப்பதில் கொஞ்சத்தை இன்னொருவருக்கும் கொடுத்தால், அல்லது இரண்டு பேரும் ஒன்றையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால், ஷேர் பண்ணுகிறீர்கள். பிள்ளைகள் தின்பண்டத்துக்கு மட்டும்தான் இந்தச் சொல் என்று நினைத்துவிடும். கலர் பென்சில், பெஞ்சில் இடம் இவற்றையும் சொல்லுங்கள்.

'ஃபேர்': எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோருக்கும் ஒரு முறை என்று நடந்தால் ஃபேர். 'அன்ஃபேர்' இன்னும் சுலபம். விளையாட்டில் "போங்கு!" என்று கத்துவோமே, அந்த இடத்தில் ஆங்கிலக் குழந்தை "தட்ஸ் நாட் ஃபேர்!" என்று கத்தும்.

'ஷை': புதியவர்கள் முன்னால் பேசத் தயங்கி, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றினால் நீ ஷை.

'ப்ரிடெண்ட்': உண்மையில்லாததை உண்மைபோலச் செய்தால் ப்ரிடெண்ட் பண்ணுகிறாய். முழித்துக்கொண்டே தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வது. இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்க வாய் விளக்கமே வேண்டாம், நடித்துக் காட்டினால் போதும்.

'லோன்லி': பேசவோ விளையாடவோ யாரும் இல்லையே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் லோன்லி. 'அலோன்' வேறு, பக்கத்தில் ஆள் இல்லை என்பது மட்டும்தான். தனியாக உட்கார்ந்து சந்தோஷமாகப் படம் வரைகிற குழந்தை 'அலோன்', ஆனால் 'லோன்லி' இல்லை. கூட்டத்தின் நடுவிலும் ஒருவர் 'லோன்லி'யாக இருக்கலாம் என்பதை எட்டு வயதில் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள், சொல்லிப் பாருங்கள்.

'வரீட்': கெட்டது ஏதாவது நடந்துவிடுமோ என்று திரும்பத் திரும்ப நினைத்தால் வரீட். 'ஸ்கேர்ட்' என்றால் இப்போது, எதிரே, பயம். அப்பா வர நேரமாகிறதே என்பது முதலாவது. நாய் குரைத்துக்கொண்டு ஓடி வருவது இரண்டாவது.

பொருளைத் தமிழில் சொல்லலாமா? ஆங்கிலத்திலேயே சொன்னால்தான் ஆங்கிலம் வரும் என்கிறார்களே?

தமிழிலேயே சொல்லுங்கள். குழந்தைக்குத் தெரியாத ஒரு சொல்லை, தெரியாத இன்னும் ஆறு சொற்களால் விளக்கினால் அது தலையாட்டும், அவ்வளவுதான். புரிந்த பிறகு அதே விளக்கத்தைச் சின்ன ஆங்கில வாக்கியமாகவும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். குழந்தை முதலில் பொருளைப் பிடித்துக்கொண்டதால் இப்போது ஆங்கில வாக்கியம் அதற்கு ஒரு சுமையாக இருக்காது. "வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டுக் குழந்தையிடம் பேசுவதையே குறைத்துக்கொண்ட பெற்றோர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிற விஷயம். தமிழில் நிறையப் பேசிக் கேட்டு வளர்கிற குழந்தையிடம் ஆங்கிலச் சொல்லைப் பொருத்திக்கொள்ள நிறைய எண்ணங்கள் இருக்கும்.

சரி, தமிழ்ச் சொல் ஒன்றைச் சொன்னால் வேலை முடிந்ததுதானே?

'கேட்' என்றால் பூனை, 'மூன்' என்றால் நிலா. இங்கெல்லாம் முடிந்தது. ஆனால் அன்றாடச் சொற்களிலேயே நிறைய இடங்களில் தமிழும் ஆங்கிலமும் உலகத்தை வேறு வேறு மாதிரி பிரித்து வைத்திருக்கின்றன.

உடம்பிலிருந்தே தொடங்கலாம். 'லெக்', 'ஃபுட்' இரண்டுமே நமக்குக் கால். 'ஹேண்ட்', 'ஆர்ம்' இரண்டுமே கை. 'ஃபிங்கர்', 'டோ' இரண்டுமே விரல். "ஃபுட் என்றால் கால்" என்று எழுதி வைத்துவிட்டால் குழந்தை தொடையைத் தொட்டு 'ஃபுட்' என்று சொல்வதில் வியப்பில்லை. "செருப்புக்குள்ளே போகிற பகுதி ஃபுட்", "மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், அதிலிருந்து தோள் வரை ஆர்ம்" என்று தொட்டுக் காட்டிச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும்.

நேர்மாறாகவும் உண்டு. ஆங்கிலத்துக்கு அரிசியும் 'ரைஸ்', சோறும் 'ரைஸ்'. காய்ச்சிய பாலும் 'ஹாட்', மிளகாய் பஜ்ஜியும் 'ஹாட்'. சட்டை போடுவது, கண்ணாடி மாட்டுவது, வளையல் அணிவது, பூச்சூடுவது எல்லாமே 'வேர்'. உடம்பின்மேல் போட்டுக்கொண்டிருக்கிற எதற்கும் அந்த ஒரே சொல் போதும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

'ஸ்னோ' தனிக் கதை. தமிழில் 'பனி' என்கிறோம். நம் குழந்தைக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின்மேல் நிற்கும் ஈரம், மூட்டம். ஊட்டியில் குளிர்காலத்தில் புல்வெளி வெளுத்துப்போவதும் உறைபனிதான், ஆங்கிலத்தில் 'ஃப்ராஸ்ட்'. 'ஸ்னோ' என்பது மழைக்குப் பதிலாக வானத்திலிருந்தே வெள்ளையாக, மெதுவாக விழுந்து தரையில் குவிவது. இங்கே ஒரு படமோ சின்ன வீடியோவோ காட்டிவிடுவது நல்லது.

'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொண்டே இருக்கிறார்களே?

பெரியவர்களும்தான் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டிலுமே பென்சில் ஒன்றுதான், கொஞ்ச நேரத்துக்குத்தான். திசைதான் வேறு. பென்சில் என்னிடம் வந்தால் நான் 'பாரோ' பண்ணினேன். என்னிடமிருந்து போனால் நான் 'லெண்ட்' பண்ணினேன். 'இரவல்' என்று மட்டும் சொன்னால் இந்தத் திசை தொலைந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்க வைத்து, ஒரு அழிப்பானைக் கொடுத்து வாங்கச் செய்யுங்கள். வாங்குகிறவர் "கேன் ஐ பாரோ யுவர் இரேசர்?" என்று கேட்கட்டும், கொடுப்பவர் "ஐ வில் லெண்ட் இட்" என்று சொல்லட்டும். பிறகு இடம் மாறட்டும். திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதும் பொருளில் ஒரு பகுதி என்பதால் கடைசியில் 'ரிட்டர்ன்' என்று திருப்பித் தந்து முடியுங்கள்.

'டீச்', 'லேர்ன்' ஜோடிக்கும் இதே வழி. 'பை', 'ஸெல்' ஜோடிக்குக் கடை வைத்து விளையாடினால் போதும்.

'ஸீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் 'பார்' என்றுதானே பொருள்?

கண்ணில் தானாகப் பட்டால் 'ஸீ'. வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தால் 'லுக்'. நகர்கிற, நடக்கிற ஒன்றைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து பார்த்தால் 'வாட்ச்'. ஜன்னல் வழியே ஒரு குரங்கு கண்ணில் பட்டது, அதன் பக்கம் திரும்பினோம், அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்: மூன்று சொல்லும் வரிசையாக வந்துவிடும். காதுக்கும் இதே கணக்கு. தானாக விழுந்தால் 'ஹியர்', காது கொடுத்துக் கேட்டால் 'லிசன்'. தமிழில் கேள்வி கேட்பதற்கும் 'கேள்'தான் என்பதால், 'ஆஸ்க்' என்ற சொல்லையும் இதே பாடத்தில் பிரித்துக் காட்டிவிடுவது நல்லது.

குழந்தைக்குப் பேச்சு வழியாகவே தெரிந்த ஆங்கிலச் சொற்கள் உதவுமா?

மிகவும் உதவும். பஸ், டிக்கெட், டைம், லேட், அவுட், ஃபிரெண்ட், டர்ன் என்று பள்ளிக்கு வரும் முன்பே நூற்றுக்கணக்கான சொற்கள் அதன் வாயில் இருக்கும். "உனக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும்" என்று அவற்றைச் சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதினால் பயம் குறைந்துவிடும். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிகளில் ஆங்கில வகுப்பைத் தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சில சொற்கள் நம்மிடம் வந்து வேறு வேலை பார்க்கின்றன. 'ஹோட்டல்' நமக்குச் சாப்பிடும் இடம். ஆங்கிலக் கதையில் ராத்திரி தங்கும் இடம். 'சாக்லேட்' என்று எல்லா மிட்டாயையும் சொல்கிறோம். அங்கே கோகோவில் செய்தது மட்டும். 'மிஸ்' என்றால் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியை. கதையில் அதுவே பஸ்ஸைத் தவறவிடுவதும், பாட்டி ஊருக்குப் போனபின் அவரை நினைத்து ஏங்குவதும் ஆகிறது. குழந்தை சொல்வது தவறு என்று சொல்லவேண்டாம். "நாம இங்கே இப்படிச் சொல்றோம், இந்தக் கதையில் இப்படி" என்றால் போதும்.

'அங்கிள்' என்றால் மாமாவா, சித்தப்பாவா?

இரண்டும்தான், பெரியப்பாவும்தான். அப்பா அம்மாவின் உடன்பிறந்த ஆண்கள் எல்லோரும், அத்தை சித்தி பெரியம்மாவின் கணவர்களும் ஆங்கிலத்தில் 'அங்கிள்'. 'கஸின்' இன்னும் விரிவானது: மாமா பிள்ளை, அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை, பெரியப்பா பிள்ளை, ஆணோ பெண்ணோ, மூத்ததோ இளையதோ, அத்தனையும் ஒரே சொல். பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றே கூப்பிடுவதால், கதையில் வரும் 'பிரதர்' கூடப் பிறந்தவர் மட்டும்தான் என்பதையும் சொல்லவேண்டும். குழந்தையின் சொந்தக் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்து, யார் யார் 'அங்கிள்', யார் யார் 'கஸின்' என்று வட்டம் போடச் சொல்லுங்கள்.

படம் காட்டினால் போதாதா?

பழம், விலங்கு, பாத்திரம், வண்டி இவற்றுக்கெல்லாம் படமே சிறந்த விளக்கம். வார்த்தை தேவையில்லை. ஆனால் ஒரே படம் மட்டும் காட்டினால் குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லமுடியாது. நாய் படம் போட்டு 'பெட்' என்று எழுதியிருந்தால் 'பெட்' என்றால் நாய் என்றுதான் நினைக்கும். நாய், கிளி, மீன் தொட்டி என மூன்று படம் காட்டி, பிறகு தெருநாய் ஒன்றைக் காட்டி "இது பெட் இல்லை, ஏன்?" என்று கேளுங்கள். 'பிகாஸ்', 'ஆல்மோஸ்ட்', 'ஐடியா' போன்றவற்றுக்குப் படமே கிடையாது.

'இன்', 'ஆன்', 'தி', 'ஆஃப்' போன்ற குட்டிச் சொற்களுக்கு என்ன பொருள் சொல்வது?

'இன்', 'ஆன்', 'அண்டர்' மூன்றையும் ஒரு டப்பாவையும் ஒரு கோலிக்குண்டையும் வைத்துக் காட்டிவிடலாம். 'தி', 'ஆஃப்' இரண்டுக்கும் பொருள் சொல்லவே வேண்டாம். வாக்கியத்தில் பார்த்துப் பார்த்துத்தான் அவை பழகும். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் சேர்த்த 220 சொற்கொண்ட பட்டியல் இப்படிப்பட்ட சொற்களால் நிறைந்தது; அதில் பெயர்ச்சொற்கள் கிடையாது. பார்த்தவுடன் வாசிக்கப் பழக வேண்டிய சொற்கள் என்றுதான் அதைத் தொகுத்தார். அந்தப் பட்டியலுக்கு வரிக்கு வரி தமிழ்ப் பொருள் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பது குழந்தைக்கு வீண் பாடு.

ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால்?

கதையில் வந்த பொருளை மட்டும் சொல்லுங்கள். 'பேட்' வௌவாலாக வந்திருந்தால் கிரிக்கெட் மட்டையை இப்போது இழுக்கவேண்டாம். பிள்ளையே "மட்டைதானே?" என்று கேட்டால், "ஆமாம், அதுவும் பேட்தான்" என்று சொல்லி மேலே போங்கள். 'கோல்ட்' என்றால் குளிர்ச்சி, சளியும் அதுவே. 'லைட்' என்றால் வெளிச்சம், கனமில்லாததும் அதுவே. ஒவ்வொன்றும் அதனதன் கதையில் வரும்போது சொன்னால் நிற்கும்.

எத்தனை சொற்கள் தெரியவேண்டும்?

வயதுக்கு இத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் அடிப்படைச் சொற்கள் நாம் பயப்படும் அளவுக்கு அதிகமில்லை என்பதைத் தெரிந்துகொள்வது தெம்பு தரும். ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருக்கின்றன. 1978-இல் வந்த 'லாங்மன்' மாணவர் அகராதி, தன்னிடமிருந்த எல்லாச் சொற்களுக்கும் ஏறக்குறைய 2,000 சொற்களை மட்டுமே வைத்துப் பொருள் எழுதியது. ஆக, அந்த அளவு தெரிந்த ஒரு பிள்ளை மீதியைத் தானே தேடிக்கொள்ள முடியும்.

எந்த மாதிரி அகராதி வாங்கலாம்?

ஏழெட்டு வயது வரை படஅகராதி. அதன் பிறகு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கென்று எழுதிய அகராதி. இவ்வகை அகராதிகளின் வேர் ஆசிய வகுப்பறைகளில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மைக்கேல் வெஸ்ட் வங்காளத்தில், டாக்காவில், கல்விப் பணியில் இருந்தவர். 1935-இல் அவரும் எண்டிகாட்டும் சேர்ந்து வெளியிட்ட அகராதி 1,490 சொற்களை மட்டும் பயன்படுத்திப் பொருள் சொன்னது. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய அகராதி 1942-இல் டோக்கியோவில் அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக உலகெங்கும் போனது. நம்மைப் போல வீட்டில் வேறு மொழி பேசும் மாணவர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் செய்தவை இவை.

கடையில் புரட்டும்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைப் பாருங்கள். அதன் விளக்கம் அந்தச் சொல்லைவிடக் கடினமாக இருந்தால் புத்தகத்தை வைத்துவிடுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாவிட்டாலும் வேண்டாம்.

புரிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்லும். பொருளைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் நம் வாக்கியமே திரும்பி வரும். சின்னச் சம்பவங்களைச் சொல்லி, பொருந்துமா பொருந்தாதா என்று கேளுங்கள். "கவின் கேட்காமலே மலரோட பென்சிலை எடுத்துக்கிட்டான். அது பாரோவா?" "ஏன் இல்லை?" அந்த 'ஏன்'க்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம், அதே வாரத்தில் அந்தச் சொல் வேறு இடத்தில் மூன்று நான்கு முறையாவது காதில் விழ வேண்டும். சாப்பிடும்போது, நடந்து போகும்போது, நீங்களே வேண்டுமென்று பயன்படுத்துங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாமா?

பெரியவர் படிக்கும் இப்படிப்பட்ட பக்கத்தில் சரி. குழந்தையின் நோட்டில் வேண்டாம். புத்தகப்பையும் 'பேக்', முதுகும் 'பேக்', கட்டி வைப்பதும் 'பேக்', அடுப்பில் ரொட்டி சுடுவதும் 'பேக்' என்று நான்கும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். சொல்லை வாயால் சொல்லிக் காட்டுங்கள், ஆங்கில எழுத்தை விரலால் தொட்டுக்கொண்டே. உங்கள் உச்சரிப்பில் சந்தேகம் இருந்தால், கைப்பேசியில் மாணவர் அகராதிகளின் இணையப் பக்கத்தைத் திறந்து, சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டி, குழந்தையோடு சேர்ந்து நீங்களும் சொல்லிப் பாருங்கள்.